பேரல் ரேசிங்: அளந்து நடுவது முதல் ஓடி முடிப்பது வரை

மாட்டுப்பண்ணைக்காரர்களின் குதிரை, மாட்டுப் போட்டியான அமெரிக்க ரோடியோவில் பெண்களுக்கென்று முதலில் கிடைத்த இடம் அழகுப் போட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. டெக்சாசின் ஸ்டாம்ஃபோர்டில் 1931இல் தொடங்கிய 'ஸ்பான்சர் கேர்ள்' போட்டியில் உடுத்தியிருக்கும் ஆடைக்கும், குதிரையின் தோற்றத்துக்கும்கூட மதிப்பெண் உண்டு. நடுவருக்குப் பிடித்தவர் ஜெயிப்பார். 1948 பிப்ரவரி 28 அன்று சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடி கேர்ள்ஸ் ரோடியோ அசோசியேஷனைத் தொடங்கியபோது, இதைத்தான் மாற்ற நினைத்தார்கள். விதி எழுத்தில் இருக்க வேண்டும், தூரம் அளந்திருக்க வேண்டும், முடிவைக் கடிகாரம் சொல்ல வேண்டும். இன்று உமன்ஸ் புரொஃபஷனல் ரோடியோ அசோசியேஷன் என்று பெயர் மாறி நிற்கும் அந்த அமைப்பின் முக்கியப் போட்டி பேரல் ரேசிங். மூன்று பேரல்களை மூன்றிலை வடிவில் சுற்றி வந்து, நூற்றில் ஒரு பங்கு விநாடி வித்தியாசத்தில் வெல்லவோ தோற்கவோ செய்கிற ஓட்டம் இது. ஆகவே பழக்கமும் அளவுநாடாவிலிருந்தே தொடங்குகிறது.

களத்தை அளப்பது

முழு அளவுக் களத்தில் முதல் பேரலுக்கும் இரண்டாவதற்கும் இடையே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. தொடக்கக் கோட்டிலிருந்து முதலிரண்டு பேரல்களுக்கும் 60 அடி. பேரல் என்பது இரு முனையும் மூடிய 55 கேலன் இரும்பு டிரம். முனை திறந்த டிரம்மின் கூரான விளிம்பு முழங்காலையும் குதிரையின் தோளையும் கிழித்துவிடும், பழக்கத்துக்குக்கூட அதை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் டிரம் பழக்கத்துக்குச் சரிதான். ஆனால் காற்றுக்கே சாயும் என்பதால் அடியில் கொஞ்சம் மணல் போட வேண்டும்.

நைலான் கயிறு இழுத்தால் நீளும். ஃபைபர் கிளாஸ் அல்லது எஃகு நாடா இரண்டு வாங்குங்கள். முதல் ஆப்பை அடித்து, வேலிக்கு இணையாக 90 அடி அளந்து இரண்டாவது ஆப்பை அடியுங்கள். ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு நாடாவை மாட்டி, இரண்டையும் 105 அடிக்கு இழுத்து அவை சந்திக்கும் இடத்தில் மூன்றாவது ஆப்பு. சரிபார்க்க ஒரு வழி உண்டு. முதலிரண்டு ஆப்புகளின் நடுப்புள்ளியிலிருந்து (45 அடி) மூன்றாவது ஆப்புக்கு 94 அடி 10 அங்குலம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு நாடா தளர்ந்திருக்கிறது.

தொடக்கக் கோடு செங்கோணத்தில் விழ, 30, 40, 50 அடி முக்கோணத்தைப் பயன்படுத்துங்கள். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் அதே கணக்கு. கோடு ஒரு பக்கம் 2 அடி சாய்ந்திருந்தாலும் வலது பேரலை முதலில் சுற்றுபவருக்கும் இடதை முதலில் சுற்றுபவருக்கும் ஓடும் தூரம் வேறாகிவிடும்.

பக்க வேலிக்கும் முதலிரண்டு பேரல்களுக்கும் இடையே குறைந்தது 15 அடி விடுங்கள். மூன்றாவது பேரலுக்குப் பின்னால் 30 அடி. தொடக்கக் கோட்டுக்கு இந்தப் பக்கம், குதிரை ஓடி வந்து நிற்க, 45 அடிக்குக் குறையக் கூடாது. கூட்டினால் 120 அடி அகலம், 230 அடி நீளம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் மூன்று தூரங்களையும் ஒரே விகிதத்தில் குறைக்கலாம். வேலியோர இடைவெளிகளை மட்டும் குறைக்கக் கூடாது, ஆளுக்கும் குதிரைக்கும் அடிபடுவது அங்கேதான். லாஸ் வேகஸின் தாமஸ் அண்ட் மேக் அரங்கில் 1985 முதல் நடக்கும், ஆண்டின் இறுதிப் போட்டியான நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோவின் களம் முழு அளவைவிடச் சிறியது. அங்கே 2017இல் ஹெய்லி கின்செல் ஓடிய 13.11 விநாடியை, முழு அளவுக் களத்தில் நல்ல குதிரைகள் ஓடும் 17 விநாடியோடு ஒப்பிட முடியாது. களத்தின் அளவைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் சொல்லும் குதிரை விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம்.

ஆப்பைப் பிடுங்கிய பிறகு, அதே துளையில் துணிப்பட்டை கட்டிய நீள ஆணியை 8 அங்குல ஆழத்துக்கு இறக்கி, பட்டையின் நுனி மட்டும் தெரியும்படி விடுங்கள். ஆணித்தலை மேலே இருந்தால் மண்வாரியிலோ குளம்பிலோ சிக்கும்.

மண்

கெட்டியான அடித்தளத்தின் மேல் 2 முதல் 4 அங்குலம் வரை தளர்ந்த மண். ஆழம் எவ்வளவு என்பதைவிட அது எங்கும் ஒன்றாக இருக்கிறதா என்பதே முக்கியம். குதிரை தன் முழு எடையையும் உள்பக்கப் பின்னங்காலில் ஏற்றித் திரும்புகிறது. அந்தக் கால் 3 அங்குலம் புதையும் என்று நம்பி ஊன்றிய இடத்தில் 1 அங்குலமே மண் இருந்தால் சறுக்கி விழும், 6 அங்குலம் இருந்தால் தசைநார் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பேரலைச் சுற்றியும் எட்டு இடங்களில் நீள ஸ்குரூடிரைவரை அடித்தளம் தட்டும் வரை குத்தி ஆழம் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் வாரிச் சமன் செய்யுங்கள்.

பத்துக் குதிரைகள் ஓடினால் பேரலைச் சுற்றிப் பள்ளம் விழுந்துவிடும். போட்டிகளில் இடையிடையே டிராக்டரில் வாரி விடுவது அதற்காகத்தான். வீட்டுக் களத்தில் பழகும்போது தினமும் பேரலை ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். பள்ளம் விழாது என்பதோடு, குதிரை தடத்தை மனப்பாடம் செய்துவிட்டு உங்கள் கையைக் கேட்காமல் திரும்பும் பழக்கமும் வராது. தண்ணீரை முந்தின நாள் மாலையே தெளியுங்கள். ஓட்டத்துக்குச் சற்று முன் தெளித்தால் மேற்பரப்பு வழுக்கும், அடியில் தூசி அப்படியே இருக்கும்.

குதிரை

பெரும்பாலும் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ். 14.2 முதல் 15.2 கை உயரம் (ஒரு கை 4 அங்குலம்), 1,000 முதல் 1,200 பவுண்டு எடை. குறுகிய முதுகு, அகன்ற பின்பகுதி, தாழ்ந்த பின்கால் மூட்டு, எடைக்கேற்ற குளம்பு ஆகியவற்றைப் பாருங்கள். வம்சத்தைப் பிறகு பார்க்கலாம். சார்மேன் ஜேம்ஸின் ஸ்கேம்பர் நியூ மெக்சிகோவின் கிளேட்டனில் மாடு அடைக்கும் பட்டியில் வேலை பார்த்த குதிரை, விலை 1,100 டாலர். அதன் மேல் ஏறி 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை அவர் உலக சாம்பியன் ஆனார். முதல் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 14. கிறிஸ்டி பீட்டர்சனின் போசோவை வாங்கிய விலை 400 டாலர். அதன் மேல் 1994, 1996, 1997, 1998 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள். இரண்டையும் முன்பு வைத்திருந்தவர்களுக்கு அவை முரட்டுக் குதிரைகள். மலிவு விலைக் குதிரையெல்லாம் இப்படி ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் சூட்டிகையான குதிரைக்கு ஓடப் பிடிக்குமானால், அந்த விருப்பத்தைக் காசு கொடுத்து ஏற்ற முடியாது.

வாங்கும் முன் மருத்துவரிடம் பின்கால் மூட்டை மடக்கி வைத்து ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையும், மூட்டு எக்ஸ்ரேயும், பல் பரிசோதனையும் கேளுங்கள். மூன்று வயதில் மெதுவாகப் பேட்டர்னை, அதாவது மூன்று பேரல்களையும் சுற்றும் பாதையை, காட்டலாம். முழு வேகம் நான்கு வயதுக்குப் பிறகுதான். முதன்முறை பழகுபவர் இளங்குதிரையை வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதான, ஓடிப் பழகிய குதிரை உங்களுக்கு ஆசிரியராக இருக்கும்.

சேணமும் கடிவாளமும்

பேரல் சேணம் எடை குறைந்தது, ஏறக்குறைய 20 முதல் 28 பவுண்டு. இருக்கை ஆழமாகவும் பின்விளிம்பு உயரமாகவும் இருக்கும். முன்னால் பிடித்துக்கொள்ள மெலிந்து உயர்ந்த கொம்பு இருக்கும். மாடு கயிறு போடும் சேணம் இதற்கு உதவாது. அதன் கொம்பு தடித்துக் குட்டையானது, எடையும் அதிகம். மார்பு வாரைக் கட்டாமல் ஓடினால் வேகத்தைக் கூட்டும்போது சேணம் பின்னால் நழுவும். வயிற்று வாரை ஓடுவதற்குச் சற்று முன் மறுபடி இறுக்குங்கள். முதல் முறை கட்டும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றைப் புடைத்துக்கொள்ளும்.

பழக்கும்போது நடுவில் மூட்டு உள்ள சாதாரண ஸ்னாஃபிள் கடிவாளமே போதும். குதிரை நிற்கவில்லை, திரும்பவில்லை என்று கடுமையான கடிவாளத்துக்குத் தாவுவது வலியை வாயில் ஏற்றுவதாகத்தான் முடியும். வாய் வலித்தால் தலையைத் தூக்கும், தலை தூக்கினால் முதுகு குழியும், முதுகு குழிந்தால் பின்னங்கால் அடியில் வராது. திரும்புவது இன்னும் கெடும். கடிவாள வாரின் திருகுகளை ஓட்டத்துக்கு முன் ஒவ்வொன்றாக விரலால் சோதியுங்கள். 1985 நேஷனல் ஃபைனல்ஸின் ஏழாம் சுற்றில் ஸ்கேம்பரின் தலையிலிருந்து கடிவாளம் கழன்றுவிட்டது. சார்மேன் நிறுத்தவில்லை. குதிரை மூன்று பேரலையும் தானே சுற்றி, அந்தச் சுற்றை வென்றது. மெதுவாகப் பழக்கிய ஆண்டுகள் அந்த 14 விநாடியில் பலன் தந்தன. உங்கள் குதிரை அப்படி ஓடும் என்று எதிர்பார்த்து திருகைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

அங்கவடியில் கால் நழுவாமலிருக்க பலர் ரப்பர் பட்டை போடுகிறார்கள். இழுத்தால் அறுகிற மெல்லிய பட்டை மட்டும் போடலாம். விழும்போது கால் விடுபட வேண்டும். 1929இல் ஓரிகனின் பென்டில்டன் ரவுண்டப் ரோடியோவில் பானி மெக்கரால், அங்கவடிகள் இரண்டையும் குதிரையின் வயிற்றுக்கடியில் இணைத்துக் கட்டிய நிலையில் முரட்டுக் குதிரை ஏறி, கால் விடுபடாமல் இழுபட்டு, சில நாளில் இறந்தார். அப்படிக் கட்டுவது பெண்களுக்குப் பாதுகாப்பு என்று அன்று சொல்லப்பட்டது. அதைக் காரணம் காட்டி பென்டில்டனில் பெண்களின் முரட்டுக் குதிரைச் சவாரியையே நிறுத்தினார்கள். 2010 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஆம்பர்லி ஸ்னைடர் சேணத்தில் இருக்கை வார் பூட்டித்தான் ஓடுகிறார். அது அவர் உடல்நிலைக்காகத் தனியாக அமைத்த ஏற்பாடு. அவருடைய குதிரையும் கால் அழுத்தத்துக்குப் பதில் கையையும் குரலையும் கேட்கப் பழகியது. காலைப் பயன்படுத்த முடிந்தவர்கள் அதைப் பார்த்துத் தங்களைக் கட்டிக்கொள்ளக் கூடாது.

ஹெல்மெட் போடுங்கள். 2009இல் விழுந்து கழுத்து எலும்பு முறிந்த ஃபாலன் டெய்லர், 2014இல் ஹெல்மெட் அணிந்தே உலக சாம்பியன் ஆனார். தொப்பி அழகு என்ற பேச்சுக்கு அதற்கு மேல் பதில் வேண்டியதில்லை.

பாதையை மனதில் ஏற்றுவது

வலது பேரலை முதலில் சுற்றினால் ஒரு வலத் திருப்பம், இரண்டு இடத் திருப்பங்கள். இடதை முதலில் சுற்றினால் இது மாறும். எது என்பதைக் குதிரை தீர்மானிக்கட்டும். வட்டத்தில் ஓடவிட்டு, எந்தப் பக்கம் சுலபமாக மடங்குகிறதோ அந்தப் பக்கத் திருப்பம் இரண்டு வரும்படி வையுங்கள்.

வலதை முதலில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பேரல் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க, அதன் உட்புறமாக நேராக ஏறுகிறீர்கள். அதன் பின்னால் வலமாகத் திரும்பி, வேலிப் பக்கம் இறங்கி, தொடக்கக் கோட்டின் பக்கமாகச் சுற்றி முடித்து, களத்தைக் குறுக்கே கடக்கிறீர்கள். இரண்டாவதன் பின்புறமாக நுழைந்து இடமாகச் சுற்றுகிறீர்கள். அதை முடிக்கும்போது முகம் மூன்றாவதை நோக்கியிருக்கும். மூன்றாவதன் வலப்புறம் ஏறி, இடமாகச் சுற்றி, நேராக வீடு, அதாவது தொடக்கக் கோடு. முதல் பேரலின் முன்பக்கம் முடித்து இரண்டாவதன் பின்பக்கம் நுழைவதால், நடுவில் பாதை சாய்வாக விழுகிறது. அந்தச் சாய்வில்தான் குதிரை லீட் மாற்ற வேண்டும். அதாவது வலது முன்னங்கால் முந்தும் பாய்ச்சலிலிருந்து இடது முந்துவதற்கு மாற வேண்டும். மாற்றாமல் வந்தால் இரண்டாவதை முன்னங்கால் பின்னி அகலமாகச் சுற்றும்.

மெதுவான வேலை

மார்த்தா ஜோசி டெக்சாசில் தன் பண்ணையில் 1967 முதல் பயிற்சி முகாம் நடத்தியவர். நான்கு வெவ்வேறு பத்தாண்டுகளில் நேஷனல் ஃபைனல்ஸுக்குத் தகுதி பெற்றவர், 1980இன் உலக சாம்பியன். வாண்டா ஹார்ப்பர் புஷ் பேரல் ரேசிங்கில் மட்டுமல்லாமல் கயிறு வீச்சு, மந்தையிலிருந்து மாட்டைப் பிரிக்கும் கட்டிங் என்று பல போட்டிகளிலும் பட்டங்களைக் குவித்தவர், மற்றவர்களின் குதிரைகளையும் பழக்கியவர். பேரல் ரேசிங் வீராங்கனைகளுக்கு புரோரோடியோ ஹால் ஆஃப் ஃபேம் 2017இல் முதன்முதலாகக் கதவு திறந்தபோது அவரும் சார்மேனும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள். இந்தத் தலைமுறைகளில் யாருடைய குதிரையை எடுத்தாலும் முழு வேகத்தில் ஓடிய நாளைவிட நடந்த நாளும் துள்ளுநடையில் போன நாளும் பல மடங்கு அதிகம்.

முதலில் பேரலே இல்லாமல் வட்டம். 30 அடி விட்டத்தில் நடையிலும், துள்ளுநடையான டிராட்டிலும், மெதுவான பாய்ச்சலான லோப்பிலும் சுற்றுங்கள். மூக்கு வட்டத்துக்குள் லேசாக வளைந்திருக்க வேண்டும், உள்பக்கக் கண்ணிமை மட்டும் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு. உள்பக்கத் தோள் சாயக் கூடாது. சாய்ந்தால் உள்பக்கக் காலால் வயிற்றில் அழுத்தி, அந்தப் பக்கக் கடிவாள வாரை மேல்நோக்கி ஒரு கணம் தூக்கி விடுங்கள். வாரைப் பக்கவாட்டில் இழுப்பதால் மூக்கு மட்டும் வரும், தோள் அங்கேயே கிடக்கும். இது சரியாக வரும் வரை பேரல் பக்கம் போக வேண்டாம்.

பிறகு பேரலோடு, நடையில். நுழையும்போது பேரலுக்கும் உங்கள் முழங்காலுக்கும் இடையே 4 முதல் 5 அடி விடுங்கள். இந்த இடைவெளிக்குப் பாக்கெட் என்று பெயர். உங்கள் கால் பேரலுக்கு நேராக வரும் வரை நேராகவே போங்கள், பிறகே திருப்புங்கள். பின்பக்கம் சுற்றி வரும்போது இடைவெளி 3 அடியாகக் குறையலாம், வெளியேறும்போது நெருக்கமாக இருக்க வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். நெருங்கி நுழைந்து, அகன்று வெளியேறி, அரை விநாடியைத் தொலைப்பார்கள். குதிரையின் உடல் 8 அடி நீளம். மூக்கு பேரலைத் தாண்டியதும் திருப்பினால் அதன் பின்பகுதி இன்னும் பேரலுக்கு வந்தே சேரவில்லை. அதனால்தான் பேரல் விழுகிறது.

ஒவ்வொரு பேரலிலும் திருப்பத்துக்கு முன் ஒருமுறை முழுதாக நிறுத்துங்கள். மூச்சை விட்டு, இருக்கையில் ஆழமாக உட்கார்ந்து, 'ஹோ' என்று சொல்லுங்கள். நின்றதும் இரண்டு அடி பின்னால் நகர்த்தி, பிறகு சுற்றுங்கள். நாளாவட்டத்தில் நீங்கள் உட்கார்ந்தாலே குதிரை பின்னங்காலை அடியில் இழுத்து வேகத்தை அடக்கும். ரேட் என்று சொல்வது இதைத்தான். இது கடிவாளத்தால் வராது, உட்காருவதால் வரும். நடையில் பிசகில்லாமல் வந்த பிறகு டிராட், அதற்குப் பல வாரம் கழித்து லோப். எந்த நடையில் தவறு வருகிறதோ அதற்கு ஒரு படி கீழே இறங்கிச் சரிசெய்யுங்கள். வேகத்தைக் கூட்டித் தவறைச் சரிசெய்த குதிரை கிடையாது.

ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் பேட்டர்ன் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் பேட்டர்ன், இரண்டு நாள் வெளியில் 30 முதல் 40 நிமிட நீண்ட டிராட், ஒரு நாள் 300 கஜத் தூரத்துக்கு நேர்க்கோட்டுப் பாய்ச்சல், ஒரு நாள் வெறும் நடை, ஒரு நாள் ஓய்வு. முழு வேகத்தில் பேட்டர்ன் ஓடுவது போட்டியில் நடக்கட்டும். போட்டி இல்லாத மாதத்தில் இரு வாரத்துக்கு ஒன்று போதும்.

ஓடும் நாள்

20 முதல் 30 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். நடை, டிராட், இரு பக்க வட்டம், இரண்டு லீட். முழு வயிற்றோடும் வேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம். ஓடுவதற்கு ஒரு மணி முன் ஒரு கை ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால்) உலர்புல் கொடுங்கள். குதிரையின் வயிற்றில் அமிலம் நிற்காமல் சுரக்கிறது. வெறும் வயிற்றில் ஓடும்போது அது மேலே தெறித்துப் புண்ணாக்கும். போட்டிக் குதிரைகளிடம் வயிற்றுப்புண் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நுழையும்போது இரண்டு கையும் கடிவாள வாரில். பார்வை பேரலில் இருக்கக் கூடாது, அதற்கு 4 அடி பக்கத்தில் நீங்கள் கடக்க வேண்டிய மண்ணில் இருக்க வேண்டும். கண் போகும் இடத்துக்குத் தோள் போகும், தோள் போகும் இடத்துக்குக் குதிரை போகும். பேரலுக்கு ஒரு எட்டு முன்னால் உட்காருங்கள். வெளிக்கையைக் கொம்பில் ஊன்றி, கொம்பைத் தள்ளுங்கள், இழுக்க வேண்டாம். தள்ளினால் இருக்கையில் அழுந்துவீர்கள். இழுத்தால் உடல் முன்னால் போய், எடை குதிரையின் முன்னங்காலில் ஏறும். உள்கை தாழ்வாக, இடுப்பருகில். பேரலின் பின்பக்கத்தைச் சுற்றும்போதே தலையைத் திருப்பி அடுத்த பேரலின் பாக்கெட்டைப் பாருங்கள். வெளியேறிய உடன் இரண்டு கையும் மீண்டும் வாருக்கு.

முதல் பேரலைக் 'காசு பேரல்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. நேராக, முழு வேகத்தில் வந்து அடக்க வேண்டியது அங்கேதான். அங்கே அகன்றால் சாய்வுப் பாதை கோணலாகி இரண்டாவதும் கெடும். மூன்றாவதற்குப் பிறகு வீட்டுக்கு ஓடும்போது மட்டும் சாட்டை அல்லது குரல் பயன்படுத்தலாம். கோட்டைத் தாண்டியதும் வாயைப் பிடித்து இழுக்காமல், ஒரு பக்கமாகப் பெரிய வட்டத்தில் வளைத்து வேகத்தைக் குறையுங்கள்.

பேரல் விழுந்தால் ஒன்றுக்கு 5 விநாடி கூட்டுவார்கள். உருண்டு மறுமுனையில் நின்றாலும் அதே 5 விநாடி. கையால் பேரலைத் தொட்டு நிமிர்த்திப் பிடிப்பது விதிமீறல் இல்லை. பாதை மாறினால் நேரமே கிடையாது. கடிகாரம் ஒளிக்கற்றையில் இயங்கும். குதிரையின் மூக்கு கோட்டைக் கடக்கும்போது தொடங்கி, திரும்ப வரும்போது நிற்கும். மின்கடிகாரமும் ஆண்களுக்குச் சமமான பரிசுத்தொகையும் இந்தப் பெண்கள் சங்கமாக நின்று பெற்றவை. சங்கத்தைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் யூரியின் முயற்சியால் 1967இல் ஓக்லஹோமா சிட்டியில் பேரல் ரேசிங் நேஷனல் ஃபைனல்ஸுக்குள் வந்தது. 1980களில் ஜிம்மி கிப்ஸ் மன்ரோ தலைவராக இருந்தபோது சமப் பரிசைக் கேட்டு ரோடியோ குழுக்களுக்குக் கெடு வைத்தார்கள். 1987இல் சார்மேன் ஜேம்ஸ், ஆண்களையும் சேர்த்து அந்த ஆண்டு அதிகம் சம்பாதித்தவராக முதுகில் 1ஆம் எண்ணுடன் நேஷனல் ஃபைனல்ஸில் ஓடினார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த எண்ணை அணிந்ததில்லை.

கெடும் இடங்கள்

பேரல் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப விழுந்தால் முதலில் உங்கள் கண்ணைச் சோதியுங்கள், யாரையாவது அலைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். பேரலைப் பார்த்துக்கொண்டு போவது தெரியும். கண் சரியாக இருந்தால், உள்பக்கத் தோள் சாய்கிறதா என்று பாருங்கள். திரும்ப வட்டத்துக்குப் போங்கள்.

பேரலைத் தாண்டி ஓடிப்போகிறது என்றால் ரேட் கெட்டிருக்கிறது. மூன்று வாரம் வேகத்தை விட்டு, நிறுத்திப் பின்நகர்த்தும் பயிற்சி. ஆனால் நேற்றுவரை நன்றாக ஓடிய குதிரை திடீரென்று ஒரு பக்கம் மட்டும் அகலமாகச் சுற்றினால் அது அடம்பிடிப்பதாக நினைக்காதீர்கள், வலியாகத்தான் இருக்கும். பின்கால் மூட்டு, முதுகு, பல், வயிறு என்ற வரிசையில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். களத்து வாசலில் நின்று நுழைய மறுப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வலி இல்லை என்று உறுதியான பிறகு, வாசலில் நுழைந்து ஓடாமல் நின்று, தடவிக்கொடுத்து, வெளியே வரும் வேலையை இரண்டு மூன்று போட்டிகளில் செய்யுங்கள். அடித்து உள்ளே ஓட்டினால் அடுத்த முறை பின்னங்காலில் எழும்பும்.

ஓடி முடித்த பிறகு

இறங்கி, வயிற்று வாரை ஒரு துளை தளர்த்தி, 15 முதல் 20 நிமிடம் நடத்துங்கள். ஓய்வில் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. ஓடி 15 நிமிடத்தில் 60க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் தண்ணீர் ஊற்றி, வழித்தெடுத்து, மறுபடி ஊற்றுங்கள். இன்னும் குறையாவிட்டால் மருத்துவர். குடிக்கத் தண்ணீரைத் தடுக்க வேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முன்னங்கால்களில் 20 நிமிடம் ஐஸ். மறுநாள் காலை கையால் காலைத் தடவி, சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். லாடம் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்குத் தீவனப் புல் உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு, அதாவது 1,100 பவுண்டு குதிரைக்கு 16.5 முதல் 22 பவுண்டு.

முதல் போட்டிக்குப் பெரிய ரோடியோவைத் தேடாதீர்கள். நேஷனல் பேரல் ஹார்ஸ் அசோசியேஷன் நடத்தும் போட்டிகளில் பிரிவு முறை உண்டு. அன்றைய வேகமான நேரத்தை வைத்து, அதிலிருந்து அரை விநாடி தள்ளி இரண்டாம் பிரிவு, அதற்கடுத்தவை அதற்கும் கீழே என்று பரிசு பிரியும். மெதுவான குதிரைக்கும் வெல்ல இடம் உண்டு. வயதும் தடையில்லை. 1968இல் ஆன் லூயிஸ் 10 வயதில் உலக சாம்பியன், 2012இல் மேரி வாக்கர் 53 வயதில். பல இடங்களில் போட்டிக்கு முன்பே சிறு கட்டணத்துக்கு எக்ஸிபிஷன் ஓட்டம் தருவார்கள், அது கணக்கில் சேராது. அதில் பதிந்துகொண்டு, புதுக் களத்தில் குதிரையை முதல் முறை டிராட்டில் மட்டும் சுற்றவிட்டு வெளியே கொண்டுவாருங்கள்.